புளுகு நூகு பார்த்த பிறை

பெற்றவர்கள் வைத்த பெயர் வெறும் நூகு. முன்னால் ஒட்டிக்கொண்ட புளுகை அவரேதான் சம்பாதித்தார். சைகோனில் ஜவுளிக்கடை வேலை பார்த்துவிட்டு, அங்கே சண்டை மூண்டதும் காரைக்காலுக்குத் திரும்பி வந்த மனுஷன், பெட்டி படுக்கை என்று பெரிதாக எதையும் கொண்டுவரவில்லை. கதைகளைத்தான் கப்பல் கொள்ளாமல் ஏற்றிக்கொண்டு வந்தார். சைகோன் கொசு ஒன்று இவருடைய குல்லாவைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு அக்கரை போய்விட்டதாம். அங்கிருந்த பிரெஞ்சுத் தளபதி ஒருவர், மீசையை எந்தப் பக்கம் முறுக்குவது என்று தினமும் காலையில் இவரைக் கேட்டுக்கொண்டுதான் முறுக்குவாராம். ஊரில் ஒருத்தரும் இதை நம்பவில்லை. ஆனால் கேட்காமல் விட்டவரும் இல்லை. ரமலானில் தராவீஹ் தொழுகை முடிந்ததும் பாதிப் பேர் வீட்டுக்குப் போகாமல் இவரைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள்.

நம்பாதவர்கள் கூட்டத்துக்குத் தலைவி அவர் மனைவி ஷரீபுன்னிசா. சைகோனில் கண்ணாடி ஜன்னல் வைத்த மாடி வீடு இருக்கிறது என்று சொல்லித்தான் அவளைக் கட்டினார். மனுஷன் அங்கே கடைப்பலகைக்கு அடியில் பாயை விரித்துப் படுத்தவர் என்பது கல்யாணம் முடிந்த பிறகுதான் வெளியே வந்தது. அன்றைக்கு அவள் காதைச் சாத்திக்கொண்டாள். வெளியே மழை என்று அவர் சொன்னால், ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடியில் கிடக்கும் துணியை எடுக்கப் போவாள். சண்டை கிடையாது, திட்டு கிடையாது. "அப்படிங்களா?" என்பாள், அவ்வளவுதான். ஊரே சேர்ந்து சிரித்தாலும் நூகு தாங்கிக்கொள்வார். அந்த ஒரு "அப்படிங்களா" மட்டும் அவருக்குச் சுருக்கென்று தைக்கும்.

ஐம்பத்து மூன்றாம் வருஷ ரமலான் வைகாசி வெயிலில் வந்து எல்லாரையும் வறுத்தெடுத்தது. இருபத்தொன்பதாம் நோன்பு சாயங்காலம் பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். தெரியாவிட்டால் முப்பதையும் பிடித்தாக வேண்டும். நாக்கு வறண்ட ஊர் மொத்தமும் மேற்கே பார்த்தது. காரைக்காலில் கடல் கிழக்கே கிடக்கிறது, பிறையோ வயல் பக்கம் இறங்குவது. இது தெரிந்தும் சில பெரிய மனிதர்கள் வருஷா வருஷம் கடற்கரைக்கே போவார்கள். கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, நன்றாகக் காற்று வாங்கிவிட்டு, "ஒண்ணும் தெரியலை" என்று வந்து சொல்வார்கள். அன்றைக்குப் பள்ளிவாசல் மொட்டை மாடியில் ஏறியவர்களுக்கும் மேகமும் தென்னை மட்டையும்தான் தெரிந்தன.

நூகு அந்நேரம் பக்கத்து ஊரான விழிதியூரில் இருந்தார். மாட்டுத் தரகுதான் இப்போது அவருக்குப் பிழைப்பு. அவர் வாய்க்கு அதைவிடப் பொருத்தமான தொழில் வேறு இல்லை. அங்கே தென்னந்தோப்பு வைத்திருந்த ழில்பேர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கும் தமிழ்க் கிறிஸ்தவர். அவருடைய பசுவைச் சுரக்குடி ஆள் ஒருவருக்குத் தள்ளிவிட, அது பிரெஞ்சில் கொஞ்சினால் கூடுதலாகக் கறக்கும் என்று நூகு அளந்துகொண்டிருந்தார். சுரக்குடி ஆள் தலையைச் சொறிந்துகொண்டே கிளம்பிப் போனார். பொழுது சாய்ந்தது. ழில்பேர் வெட்டித் தந்த இளநீரில் நூகு நோன்பு திறந்தார். ழில்பேருக்கும் தாகம்தான், ஆனால் அவர் தாகத்துக்கு மருந்து வேறு புட்டியில் இருந்தது.

தோப்போரத்தில் துண்டை விரித்து மஃரிபு தொழுதுவிட்டு, துவாவுக்குக் கையை ஏந்திக்கொண்டு நூகு தலையை நிமிர்த்தினார். எதிரே மேகம் கிழிந்திருந்தது. கிழிசலுக்குள் பிறை.

ஏந்திய கை ஏந்தியபடி நின்றது. என்ன கேட்க வந்தோம் என்பதே அவருக்கு மறந்துபோயிற்று. பின்னாலிருந்து ழில்பேர்தான் கத்தினார். "முஸ்யே நூகு! அதோ பாருங்க உங்க பிறை!" அவர் விரலை நீட்டி முடிப்பதற்குள் மேகம் திரும்பவும் மூடிக்கொண்டது.

ழில்பேரின் வில்வண்டியில் இரண்டு பேரும் ஊருக்கு ஓடினார்கள். மற்ற நாளாக இருந்தால் வண்டி தலத்தெருவைத் தொடுவதற்குள் நூகு அந்தப் பிறைக்கு நகை போட்டு, பட்டுடுத்தி, வானத்து மலக்குகள் இரண்டு பேரையும் துணைக்கு அனுப்பியிருப்பார். அன்று வாயே திறக்கவில்லை. உடம்பு சரியில்லையோ என்று ழில்பேர் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

பள்ளிவாசலில் காஜியார் அப்துல் லத்தீப் சாகிபு உட்கார்ந்திருந்தார். ஊருக்குப் பிறையை அறிவிக்க வேண்டியவர் அவர். சுற்றிலும் கூட்டம். நூகு உள்ளே வந்து சலாம் சொன்னார்.

"ஹஜ்ரத், நான் பிறையப் பார்த்தேன்."

கொல்லென்று சிரிப்பு எழுந்தது. சிரிக்காமல் என்ன செய்வார்கள்? போன வருஷம்தான் நாகூரில் பிறை வெடி போட்டுவிட்டார்கள் என்று இதே நூகு ஒரு புளுகை அவிழ்த்துவிட, ஒரு தெருவே ஆட்டை அறுத்து, பெருநாள் இல்லை என்று தெரிந்ததும் அந்தக் கறியை விடியுமுன் நோன்பு பிடிக்கச் சாப்பிடும் சஹருக்குத் தின்று தீர்த்தது.

ஷரீபுன்னிசாவின் தம்பி ஹமீதுதான் முதலில் ஆரம்பித்தான். "மச்சான், பிறை உங்ககிட்ட தமிழ்ல பேசுச்சா, பிரெஞ்சுல பேசுச்சா?"

காஜியார் கையை உயர்த்தி அவனை அடக்கினார். "சொல்லுங்க நூகு. எப்படி இருந்துச்சு?"

"மெல்லிசா இருந்துச்சுங்க."

"கொம்பு எந்தப் பக்கம் பார்த்துச்சு?"

"கவனிக்கலைங்க."

"எவ்வளவு நேரம் தெரிஞ்சுச்சு?"

"கொஞ்ச நேரம். அப்புறம் மேகம் மூடிடுச்சு."

"அப்புறம்?"

"அவ்வளவுதாங்க. பார்த்தேன்."

கூட்டத்துக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. ஒரு கொசு இல்லை, ஒரு தளபதி இல்லை. "சே, இன்னைக்குப் புளுகுலகூட சுரத்து இல்லையே" என்று ஒருவர் அலுத்துக்கொண்டார். "நோம்புக் களைப்பு, பாவம்" என்றார் இன்னொருவர். வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற ழில்பேருக்கு மனசு கேட்கவில்லை.

"நானும் பார்த்தேங்க!" என்றார் அங்கிருந்தே.

"எத்தனை பிறை பார்த்தீங்க?" என்று ஹமீது கேட்டான்.

ழில்பேர் நேர்மையானவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "முதல்ல ரெண்டாத் தெரிஞ்சுச்சு. கண்ணக் கசக்கினேன், ஒண்ணாயிடுச்சு" என்றார்.

பள்ளிவாசல் என்றும் பாராமல் ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். காஜியாரே தாடியைத் தடவுகிற மாதிரி வாயை மறைத்துக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்பைச் சொன்னார்.

"பெருநாப் பிறைக்கு நம்பத் தகுந்த ரெண்டு முஸ்லிம் சாட்சி வேணும். நீங்க ஒரு ஆளு. அதுலயும்..." என்று மரியாதைக்கு நிறுத்தினார். மீதியைச் சொல்ல ஹமீது வாயைத் திறந்தான், காஜியார் முறைத்ததும் மூடிக்கொண்டான். "அதனால ஊருக்கு நாளைக்கு முப்பதாம் நோம்பு. ஆனா ஒண்ணு, நூகு. உங்க கண்ணு நெசமாவே பார்த்திருந்தா, உங்களுக்கு நாளைக்குப் பெருநா. நோம்பு வைக்கிறது உங்களுக்கு ஹராம். சாப்பிட்டுத்தான் ஆகணும். நாலு பேருக்குத் தெரியாம மறைவாச் சாப்பிடுங்க. அதான் சட்டம்."

"அடேயப்பா!" என்று ஹமீது தொடையில் தட்டினான். "ஒரு நோம்ப முழுங்கறதுக்கு எம்மாம் பெரிய புளுகு!"

நூகு வீட்டுக்கு வந்தார். ஷரீபுன்னிசா விசிறியோடு உட்கார்ந்திருந்தாள். சேதி இவருக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது அவள் முகத்திலேயே தெரிந்தது.

"பிறையப் பார்த்தேன்" என்றார்.

"எங்க?"

"விழிதியூர்ல."

"எப்படி இருந்துச்சு?"

"சொல்லத் தெரியலை ஷரீபு. இருந்துச்சு. எனக்கு நெஞ்ச அடைச்சுப் போச்சு."

"அப்படிங்களா" வரும் என்று நூகு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். வரவில்லை. அவள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். அந்த வார்த்தைக்குக்கூடத் தாம் லாயக்கில்லாமல் போய்விட்டோம் என்று நினைத்தபோது நூகுவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஊர் நம்ப வேண்டாம், காஜியார் நம்ப வேண்டாம், இந்த ஒருத்தி நம்பினால் போதும் என்று இருந்தது. அன்று சஹருக்கு அவள் அவரை எழுப்பவில்லை. அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. தனியாகச் சாப்பிடுகிறாள் போல என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

விடிந்ததும் ஆரம்பித்தது பாருங்கள் ரோதனை. சாப்பிட்டால், சோற்றுக்காகப் புளுகினான் என்று ஊர் சொன்னது சரியாகிவிடும். சாப்பிடாமல் இருந்தால், பிறையைப் பார்க்கவில்லை என்று அவரே ஒத்துக்கொண்டது மாதிரி ஆகிவிடும், மேலே இருக்கிறவனிடம் வேறு பதில் சொல்ல வேண்டும். பொய் சொல்லித் திரிந்த காலத்தில் இந்த இம்சை ஒரு நாளும் இருந்ததில்லை. உண்மை பேசுகிறவர்கள் எப்படித்தான் உயிரோடு இருக்கிறார்களோ என்று நூகுவுக்கு மலைப்பாக இருந்தது. ஒரு டம்ளர் தண்ணீரை முன்னால் வைத்துக்கொண்டு, அதை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார்.

ஏணி கேட்டு வந்தான் ஹமீது. வந்தவன் ஏணியைப் பார்க்கவில்லை. மூக்கை உயர்த்தி மோப்பம் பிடித்தான்.

அவன் மூக்குக்கு வேலை வைக்காமல் அந்த நேரம் பார்த்து அடுப்படி ஜன்னல் திறந்தது. தேங்காய்ப் பாலும் முட்டையும் கருப்பட்டியும் ஏலக்காயும் சேர்ந்து ஆவியில் வேகிற வாசம் குபீரென்று கிளம்பித் தெருவுக்குள் இறங்கியது. வட்டிலாப்பம்! நோன்புத் தெருவில், பட்டப்பகலில், பெருநாள் வட்டிலாப்பம். எதிர் வீட்டில் யாருக்கோ இருமல் வந்தது.

நூகு பதறி எழுந்து ஓடினார். "ஏய், என்ன காரியம் பண்றே? மறைவாச் சாப்பிடணும்னுல்ல சொன்னாங்க?"

"மறைவாச் சாப்பிடத்தானே சொன்னாங்க. மறைவாச் சமைக்கச் சொல்லலையே" என்றாள் ஷரீபுன்னிசா.

ஹமீது வாயைப் பிளந்தான். "லாத்தா, உனக்கு என்ன புத்தி கெட்டுப் போச்சா? இந்த ஆளு சொல்றத நம்பியா?"

"ஏணி கொல்லையில கிடக்கு. எடுத்துக்கிட்டு நடையக் கட்டு" என்று தம்பியை வெளியே தள்ளிக் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள்.

பிறகு பாயை விரித்தாள். தட்டு வைத்தாள். பக்கத்தில் இன்னொரு தட்டும் வைத்தாள். நூகு அந்த இரண்டாவது தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உனக்கு நோம்புல்ல?" என்றார்.

"சஹருக்கு நான் சாப்பிடலை. தேங்காதான் துருவிக்கிட்டிருந்தேன். நீங்க பார்த்தத நான் நம்பினா, எனக்கும் இன்னைக்கு நோம்பு ஹராம்தானே?"

"நம்புறியா?"

அவள் வட்டிலாப்பத்தைத் துண்டு போட்டுக்கொண்டே பேசினாள். "நீங்க புளுகும்போது எனக்குத் தெரியாதாக்கும்? கொசு றெக்கையில எத்தனை கோடுன்னு சொல்லுவீங்க. இல்லாத மாடி வீட்டுக்கு எந்த ஜன்னல்ல எந்தக் கண்ணாடி உடைஞ்சதுன்னு சொல்லுவீங்க. நேத்து ஊரே கூடி நின்னு கேட்டும் ஒரு கொம்பு எந்தப் பக்கம்னு உங்களுக்குச் சொல்லத் தெரியலை. இத்தனை வருஷத்துல உங்களுக்கு வாய் வராம நான் பார்த்தது நேத்துதான்."

நூகு தொப்பென்று பாயில் உட்கார்ந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக வழிந்து தாடிக்குள் இறங்கியது. துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

"நான் பொய் சொல்லியிருந்தா, ஒரு நோம்ப விட்ட பாவம் உன் தலையிலயும்ல விடியும்?" என்றார்.

"விடியட்டும். உங்களோட சேர்ந்து நானும் அல்லாகிட்ட நின்னு பதில் சொல்லிக்கிறேன்."

"வல்லாஹி, நான் பார்த்தேன் ஷரீபு! என் ரெண்டு கண்ணால..."

"சத்தியமெல்லாம் பண்ணாதீங்க, அப்புறம் எனக்குச் சந்தேகம் வந்துடும்" என்று சொல்லிவிட்டு, பிஸ்மி சொல்லி முதல் துண்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.