பட்டையில் ஒரு தடம்

...சிவப்புக் கொடிதான் மேலே போயிருந்தது, வலது கை தானாகவே தூக்கிவிட்டிருந்தது, வெள்ளை மடியிலேயே கிடந்தது, இனி யோசித்து என்ன, குழிக்கு அந்தப் பக்கம் நின்ற இரண்டு பேரும் கொடியைப் பார்த்த மாத்திரத்தில் மணலை இழுத்துச் சமன் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள், நிறுத்துங்கள் என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, அதற்குக்கூட டீச்சருக்கு வாய் வரவில்லை. இருபத்திரண்டு வருஷமாக நீளம் தாண்டும் பலகைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருகிறவள், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை என்பதெல்லாம் அப்புறம்தான், மைதானத்தில் எல்லோருக்கும் அவள் கொடி டீச்சர், கொடி டீச்சர் கண்ணுக்கு மயிரிழை தப்பாது என்று பேர், அந்தக் கண் இப்போது எதைப் பார்த்தது? எதையும் பார்க்கவில்லை. பொத்தென்று பலகையில் கால் விழுந்த சத்தம் கேட்டது, நிமிர்ந்தபோது பெண் காற்றில் இருந்தாள், குனிந்தபோது பலகையை ஒட்டிய களிமண் பட்டையில் ஒரு தடம் இருந்தது, ஒற்றைக் கால்நுனி, வெட்டிப் போட்ட நகம் மாதிரி பிறையாக. பலகையைத் தாண்டி மிதித்தால் களிமண்ணில் பதியும், பதிந்தால் சிவப்பு, பதியாவிட்டால் வெள்ளை, அவ்வளவுதான் வேலை, கண் இருக்கிற யாரும் செய்யலாம்... ஆனால் அது யாருடைய தடம்?

இவளுக்கு முன்னால் ஓடிவந்த ஆரஞ்சுச் சட்டைக்காரியும் ஃபவுல்தான். ஒவ்வொரு ஃபவுலுக்குப் பிறகும் தடம் விழுந்த பட்டையை உருவி வாளியில் போட்டுவிட்டு வழவழவென்று ஒரு புதுப் பட்டையைச் செருக வேண்டும், அது தபால்காரர் வேலை, ரிடையர் ஆன நாளிலிருந்து ஒரு போட்டி விடாமல் வந்து நிற்கிற மனிதர், சர்க்கரைக்காரர், அரை மணிக்கு ஒருதரம் ஒதுங்கியாக வேண்டும், "போயிட்டு வாங்கண்ணே, பட்டைய நான் மாத்திக்கறேன்" என்று அவள்தான் அனுப்பினாள். மாற்றினாளா? புதுப் பட்டையை டப்பாவிலிருந்து எடுத்தது ஞாபகம் இருக்கிறது, அந்தப் பிசுக்கு இன்னும் விரலில் இருக்கிறது, எடுத்தவள் செருகினாளா, திரும்ப டப்பாவிலேயே வைத்தாளா... சரியாக அந்த இடத்தில்தான் நினைப்பில் வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்துகொண்டார். காலையில் கிளம்பும்போது படித்துப் படித்துச் சொன்னாள், வாஷிங் மெஷின் ரிப்பேர்காரர் மூணு மணிக்கு வருவார், மணி அடிச்சா திறங்க, காதுல மெஷினை மாட்டிக்குங்க. அவர் காது மெஷினை டப்பாவில் வைத்து மூடிக்கொண்டே, கோபமாகக்கூட இல்லை, சிரித்த முகமாகச் சொன்னார், "மாட்டாம இருந்தாதான் நிம்மதியா இருக்கு." நிம்மதியா? யாரிடமிருந்து நிம்மதி? அந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர், பேசுகிற ஆள் ஒருத்தி. இருநூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிற குரலை வீட்டுக்குள் இறக்கிப் பேசத் தெரியவில்லையோ தனக்கு, எத்தனை வருஷமாக அந்த மனிதன் வாயைத் திறக்காமல் தாங்கிக்கொண்டிருந்தான்... இப்படிப் போய்க்கொண்டிருந்தது, களிமண் கையில் இருந்தது, அல்லது இல்லை, பொத் என்று சத்தம். ஒரு பெண்ணின் நாலு வருஷ உழைப்பு பலகையில் வந்து விழுந்த நேரத்தில், அதைப் பார்ப்பதற்கென்றே நாற்காலி போட்டு உட்காரவைக்கப்பட்டவள் துணி துவைக்கிற மெஷினிடம் போயிருந்தாள்.

அந்தப் பெண்ணை மைதானத்தில் குருவி என்பார்கள், மணலில் இறங்குகிற சத்தமே கேட்காது. ஆறேழு நாடுகள் சேர்ந்து நடத்துகிற போட்டி, பலகைக்கெனக் காமிரா வைக்கிற அளவுக்கு வசதி இல்லாத போட்டி, சொந்த நாட்டிலிருந்து இந்தப் பிரிவில் இவள் ஒருத்திதான். இது மூன்றாவது தாண்டல். முதல் மூன்றில் முன்னால் நிற்கிற எட்டுப் பேருக்குத்தான் இன்னும் மூன்று வாய்ப்பு, குருவி ஒன்பதாவது, எட்டாவது ஆளுக்கும் இவளுக்கும் மூன்று சென்டிமீட்டர்தான் இடைவெளி. குழியிலிருந்து எழும்போதே முகம் மலர்ந்திருந்தது, பார்வையாளர் பக்கமிருந்து ஒரு ஆரவாரம் கிளம்பிப் பாதியில் அடங்கியது, அப்புறம்தான் கொடியைப் பார்த்தாள். ஓடி வந்தாள், முழங்கால் மணலைக்கூடத் தட்டாமல் பலகைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள், "என் காலா மேடம்?" என்றாள். டீச்சர் விரலால் பிறையைத் தொட்டுக் காட்டினாள். விரல் நடுங்கவில்லை, அதுதான் ஆச்சரியம், பழகின விரல். குருவி அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "நல்லா விழுந்த மாதிரி இருந்துச்சு... சரி மேடம், நீங்க பாத்தா சரியாத்தான் இருக்கும்." அவ்வளவுதான், எழுந்து போய்விட்டாள். கத்தியிருக்கலாம், அழுதிருக்கலாம், கம்பி வேலிக்கு வெளியே அவளுடைய கோச் அப்படித்தான் கத்திக்கொண்டிருந்தார், "அப்பீல் பண்ணு, இப்பவே பண்ணு!" குருவி அவரிடம் போய்க் கையை அமர்த்தி ஏதோ சொன்னாள், கொடி டீச்சர் என்று காதில் விழுந்தது, அதற்கு மேல் கேட்காமலிருக்க டீச்சர் குனிந்து பட்டையை உருவினாள், வாளியில் போட்டாள், புதுசைச் செருகினாள், இந்தத் தடவை மூன்று முறை அழுத்திப் பார்த்தாள். சத்தம் கேட்டுத் தலைமை நடுவர் வந்தார். "என்னம்மா, ஏதாச்சும் சந்தேகமா? இருந்தா சொல்லிடுங்க, இன்னொரு வாய்ப்பு குடுத்துடலாம், பிரச்சினையில்ல." எவ்வளவு சுலபமாகக் கேட்டார், தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற மாதிரி. "இல்ல சார், தெளிவா இருந்துச்சு." சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்று தெரிந்தது. கொடி தூக்கினது கை தவறினது, இது தவறினது இல்லை...

நாலாவது சுற்றில் டீச்சர் ஒவ்வொரு காலையும் விழுங்கிவிடுவது போலப் பார்த்தாள், ஆணிக் காலணிகளின் தையலைக்கூட எண்ணியிருப்பாள், யாரைத் திருப்திப்படுத்த இந்தப் பார்வை? குருவி வேலி ஓரம் உட்கார்ந்து பையில் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தாள், ஒன்று ஒன்றாக, அவசரமே இல்லாமல், இனி நிறைய நேரம் இருப்பவள் மாதிரி. இந்தச் சுற்று முடிந்ததும் சொல்லிவிடலாம். சுற்று முடிந்தது. அடுத்த சுற்றில் ஒருத்தி பலகையின் விளிம்பிலேயே கால் வைத்தாள், பட்டையில் ஏதோ நலுங்கினது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது, டீச்சர் யோசிக்கவே இல்லை, வெள்ளை. சந்தேகம் என்றால் வெள்ளை, புது நடுவர்களுக்குப் பயிற்சி வகுப்பில் அவளே போர்டில் எழுதிப்போடுகிற பாடம் அது. அப்படியானால் குருவிக்கு மட்டும் ஏன் சிவப்பு? பட்டையில் தடம் பளிச்சென்று தெரிய, வெள்ளை தூக்கியிருந்தால்... வெளிநாட்டு கோச்சுகள் ஓடி வந்து பார்த்திருப்பார்கள், நம் பெண் என்று கண்ணை மூடிக்கொண்டாள் என்றிருப்பார்கள், பட்டையை மாற்றவில்லையா என்றும் கேட்டிருப்பார்கள், சிவப்புக்கு யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அந்த அரை விநாடியில் இவ்வளவையும் கணக்குப் போட்டதா இந்த மனசு? பெண் தாண்டினதைப் பார்க்க நேரமில்லாத மனசுக்கு இதற்கு மட்டும் நேரம் இருந்ததா...

தபால்காரர் வாளிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். நாற்பது வருஷம் கடிதம் எண்ணின கை, எதைக் கண்டாலும் எண்ணிவிடும். "டீச்சர், தாள்ல ஆறு சிவப்பு இருக்கு. வாளில அஞ்சு பட்டைதான் இருக்கு." அவள் அவரைப் பார்க்கவில்லை, ஓடுபாதையையே பார்த்தாள், யாரும் ஓடி வராத ஓடுபாதை. "ரெண்டு ஒட்டிக்கிட்டிருக்கும்ணே." பிரித்துப் பார்த்தாரா, பார்க்கவில்லையா, அவளுக்குத் தெரியாது, கழுத்து அந்தப் பக்கம் திரும்ப மறுத்தது. கொஞ்ச நேரம் கழித்து, "நான்தான் தப்பா எண்ணியிருப்பேன்" என்றார், இறங்கின குரலில், தனக்கே சொல்லிக்கொள்வது போல. ஆறாவது சுற்றும் முடிந்து, நாற்காலியை மடக்கும்போது வாளியைத் தூக்கிக்கொண்டு எதிரில் வந்து நின்றார். போட்டி முடிந்தால் தடம் விழுந்த பட்டைகளையெல்லாம் வழித்து ஒரே உருண்டையாகப் பிசைந்துவிடுவது அவர் வழக்கம், யாரிடமும் கேட்டுக்கொண்டு செய்கிறவர் இல்லை. இன்றைக்குக் கேட்டார். "உருட்டிடவா டீச்சர்?" அவள் வாளிக்குள் பார்க்கவில்லை. குனிந்து பார்த்தால் ஐந்தா ஆறா தெரிந்துவிடும், தெரிந்துவிட்டால் தெரியாதென்று இருக்க முடியாது. "உருட்டிடுங்கண்ணே."

முடிவை ஒலிபெருக்கியில் படித்தார்கள். ஆட்சேபம் இருந்தால் அரை மணிக்குள் எழுதித் தர வேண்டும். நடுவர்கள் அறையில் ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது, சுவரில் கடிகாரம், மேஜையில் தலைமை நடுவர் தாள்களுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார், நாலு எட்டு வைத்தால் அவர் மேஜை. டீச்சர் கொடிகளைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடியும் சுருட்டினாள். போனில் வீட்டுக்காரர் செய்தி அனுப்பியிருந்தார், ஆள் வந்தான், பெல்ட் மாற்றினான், ஓடுகிறது. காது மெஷினை மாட்டிக்கொண்டிருந்திருக்கிறார் மனிதர். அதைப் படித்ததும் அழுகை முட்டியது, அடக்கிக்கொண்டாள், அழுதால் என்னவென்று கேட்பார்கள், கேட்டால் சொல்ல வேண்டும். பத்து நிமிஷம் இருந்தது, அப்புறம் ஐந்து, அப்புறம் தலைமை நடுவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். அதன் பிறகுதான் அவளுடைய கால்கள் எழுந்தன. அதை அவள் கவனிக்காமல் இல்லை.

வீராங்கனைகளுக்கான பஸ் நிற்கிற இடத்தில் குருவி தனியாகப் பையின்மேல் உட்கார்ந்து பழச்சாறு உறிஞ்சிக்கொண்டிருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். "உக்காரும்மா" என்று தொடங்கி, ஒரே மூச்சில், எங்கேயும் நிறுத்தினால் திரும்பிப் போய்விடுவோம் என்ற பயத்தில், தபால்காரர் போனது, பட்டை, ஞாபகம் வேறெங்கோ இருந்தது, எல்லாவற்றையும் கொட்டினாள். குருவி குழலை உதட்டிலிருந்து எடுத்தாள்.

"அப்ப அது ஃபவுல் இல்லையா?"

"தெரியலம்மா. நான் பாக்கல."

"எவ்ளோ தூரம் இருந்துச்சு மேடம்?"

அதற்கு மட்டும் டீச்சர் தயாராக வரவில்லை. திட்டுவாள், அழுவாள், கோச்சைக் கூப்பிடுவாள் என்று என்னென்னவோ நினைத்திருந்தாள். பலகையைப் பார்க்கிறவள் குனிந்துதானே இருப்பாள், மணலை எங்கே பார்த்தாள், சிவப்பைப் பார்த்ததும் இழுத்துவிட்டார்கள், அளவுக்காரர் டேப்பைத் தொடக்கூட இல்லை, இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது. "தெரியலம்மா" என்றாள் மறுபடியும்.

"இப்ப போய்ச் சொன்னா?"

"நேரம் முடிஞ்சிருச்சும்மா."

குருவி மைதானம் இருக்கிற பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ் வந்து நின்றது, கதவு திறந்தது. "ஃபவுல்னு நெனச்சுட்டு இருந்தேன் மேடம்," என்றாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, குரலில் கோபம்கூட இல்லை, "ஃபவுல்னா அடுத்த தடவ காலை ஒரு இஞ்ச் தள்ளி வச்சுக்கலாம். இத நான் என்ன பண்றது?" பதிலுக்குக் காத்திராமல் ஏறிப்போய்ப் பின் ஸீட்டில், ஜன்னலை விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். பஸ் திரும்பி வாசலைத் தாண்டும்வரை டீச்சர் அங்கேயே நின்றாள், மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லவே இல்லையென்று அப்போதுதான் உறைத்தது, எல்லாவற்றையும் சொன்னவள் அதை மட்டும்... நெஞ்சில் மத்தியானத்திலிருந்து அடைத்துக்கொண்டிருந்தது எங்கே போயிற்று என்று தேடிப் பார்த்தாள். இல்லை. மூச்சு தாராளமாக வந்துகொண்டிருந்தது. காலையிலிருந்து ஒன்றுமே சாப்பிடாதது ஞாபகம் வந்தது, அவளுக்கு நன்றாகப் பசித்தது.