ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்கவும்

அண்ணன் சமையலறைக் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தார். எப்போது வீட்டுக்குள் வந்தார் என்று தங்கச்சிக்குத் தெரியவில்லை. குளித்துவிட்டு ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவள், அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பக்கத்தில் ஸ்பானரும் புது வாஷரும் பழைய துணியும் பரப்பிவைத்திருப்பதைப் பார்த்து நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். வீடு அவருடையது, சாவி ஒன்று அவரிடமும் உண்டு. அதெல்லாம் சரி. ஆனால் குழாய் சொட்டுகிறது என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. வாஷரைக் கையோடு எப்படிக் கொண்டுவந்தார் என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை.

“வாஷர் தேஞ்சு போச்சு,” என்றார் அவர், திரும்பிப் பார்க்காமல். “சொல்ல வேண்டாமா?”

“உங்களுக்கு எதுக்குண்ணே சிரமம்னு...”

“எனக்கென்ன சிரமம்? ஊருக்கே தண்ணி ஊத்தறவன், தங்கச்சி வீட்டுக் குழாயப் பார்க்க மாட்டேனா?”

வாசலில் அவள் புருஷன் தண்ணீர் டேங்கர் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தான். அண்ணனின் லாரி, அண்ணன் போட்டுக்கொடுத்த வேலை. மச்சான் குரல் கேட்டதும் அவன் ரேடியோவை அணைத்தது உள்ளே கேட்டது. அண்ணன் குழாயைப் பூட்டி, திறந்து, மூடி, விரல்களை ஒவ்வொன்றாகத் துணியில் துடைத்துக்கொண்டார். கிளம்பும்போதுதான் பேச்செடுத்தார்.

“இன்னைக்கு நகரமன்றத்துல கூட்டம் இருக்குல்ல?”

“இருக்குண்ணே.”

“அந்தக் குத்தகை விஷயம் வரும். நீ எதிர்த்தெல்லாம் பேச வேண்டாம், வயசானவங்க சமாச்சாரம், பேரு கெட்டுப்போகும். சும்மா உட்கார்ந்திரு. உட்கார்றதுல என்ன கஷ்டம் இருக்கு?”

அவள் தலையாட்டினாள். அவர் அவள் தலையைத் தொட்டுப் பார்த்து, “நல்லாத் துவட்டு, சளி பிடிக்கும்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவளுக்கு வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. ஆனாலும் ஊரில் எல்லோருக்கும் அவள் தங்கச்சிதான். அவர்கள் வட்டாரத்தைப் பெண்களுக்கு ஒதுக்கியபோது அண்ணன் அவளைத் தேர்தலில் நிறுத்திப் போஸ்டர் அடித்தார். அதில் அவர் படம் ஆளுயரம், அவள் படம் தபால்தலை அளவு, கீழே ‘உங்கள் தங்கச்சி’ என்று கொட்டை எழுத்து. பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது. மன்றத் தலைவரே அவளை அப்படித்தான் கூப்பிடுவார். எந்தத் தீர்மானத்துக்கு எழுவது, எதற்கு உட்கார்ந்திருப்பது என்று அண்ணன் காலையில் சொல்வார், அவள் மத்தியானம் செய்வாள். அதில் அவளுக்குப் பெரிய வருத்தம் இருந்ததில்லை. அப்பா போன பிறகு வளர்த்தவர், கல்யாணம் பண்ணிவைத்தவர், குடியிருக்க வீடு கொடுத்தவர். கை நீட்டி அடித்ததே கிடையாது.

அடிக்காததுதான் பயம். சின்ன வயதில் ஒருதரம், அவர் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் சுற்றியதை அவள் அப்பாவிடம் சொல்லிவிட்டாள். அப்பா பெல்ட்டை எடுத்தார். அண்ணன் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லோரும் மறந்துபோன பிறகு, ஒரு சாயங்காலம் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டே, ஊரைத் தாண்டி, செங்கல் சூளையையும் தாண்டிக் கூட்டிப்போனார். “அந்தப் பூவைப் பறிச்சுட்டு வா,” என்றார். பறித்துத் திரும்பினால் சைக்கிள் இல்லை. ஆளில்லாத அந்த ரோட்டில் அழுதுகொண்டே நடந்து அவள் வீடு சேர்ந்தபோது, அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “எங்க போயிருந்த? எல்லாரும் தேடிட்டிருக்கோம்,” என்றார்.

பழைய பம்ப் ஹவுஸ் திடல் நகரமன்றத்துக்குச் சொந்தம். பல வருஷமாக அண்ணனின் லாரிகள் அங்கேதான் நிற்கின்றன. அவர் யாரையும் கேட்டு நிறுத்தவில்லை, அவரையும் யாரும் கேட்டதில்லை. அந்த இடத்தைத்தான் வயதானவர்களைப் பகலில் பார்த்துக்கொள்ளும் ஒரு தொண்டு நிறுவனம் நீண்ட காலக் குத்தகைக்குக் கேட்டிருந்தது. அதை நடத்துவது ஓய்வுபெற்ற ஒரு நர்சம்மா. இப்போது அவர்கள் இருப்பது கடைத்தெருவில் ஒரு மாடி அறை. போர்வை கொடுக்கிற நிகழ்ச்சிக்கு என்று தங்கச்சி ஒருமுறை அங்கே போயிருக்கிறாள். போட்டோ எடுத்து முடிந்ததும் ஒரு பெரியவருக்கு மயக்கம் வந்துவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலியோடு அவரைத் தூக்கிக் கீழே இறக்கினார்கள். நாற்காலியின் ஒரு காலைப் பிடிக்க ஆள் போதவில்லை என்று தங்கச்சியும் பிடித்தாள். படிக்கட்டு குறுகல், செங்குத்து. கப்பலில் வேலை பார்த்து உலகமெல்லாம் சுற்றியவராம் அந்தப் பெரியவர். கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும், “விட்டுடாதீங்க, விட்டுடாதீங்க,” என்று முனகிக்கொண்டே வந்தார். அவர் உடம்பின் நடுக்கம் நாற்காலிக் கால் வழியாக அவள் கைக்கு வந்தது. அன்றைக்கு ராத்திரி முழுக்க உள்ளங்கையில் இருந்தது.

மன்றத்தில் கணக்கு இழுபறி. ஒரு ஆள் இப்படியோ அப்படியோ சாய்ந்தால் முடிந்தது கதை. நர்சம்மா ஒவ்வொரு உறுப்பினர் வீட்டுக்கும் நடந்திருந்தார், தங்கச்சி வீட்டுக்கும் வந்திருந்தார். “யோசிக்கிறேம்மா,” என்று மட்டும் சொல்லியனுப்பியிருந்தாள்.

கூட்டத்தில் முதலில் சாக்கடை, பிறகு தெருவிளக்கு. பார்வையாளர் பெஞ்சுகளில் முன்வரிசை முழுக்க வயதானவர்கள், கைத்தடியும் மாத்திரைப் பையுமாக. கடைசி வரிசையில், கதவோரம், அண்ணன். அவர் வழக்கமாகக் கூட்டத்துக்கு வருவதில்லை. இன்றைக்கு வந்திருந்தார். கால்மேல் கால் போட்டு, விசேஷ வீட்டுக்கு வந்தவர் போல எல்லோருக்கும் சிரித்தபடி இருந்தார். உட்கார்ந்திருந்தால் அந்தக் கிழவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். எழுந்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். இரண்டும் முடியாதவள் மெதுவாக நழுவிக் கழிப்பறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். தீர்மானம் முடிகிறவரை இங்கேயே இருந்துவிட்டால்? வயிற்று உபாதை என்று சொன்னால் யார் என்ன கேட்கப்போகிறார்கள்?

“ஹலோ, யாராவது இருக்கீங்களா?” பக்கத்து அறையிலிருந்து ஒரு குரல், வயதானது, ஆனால் கணீரென்று.

தங்கச்சி தாழ்ப்பாளை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“கதவு சாத்துற சத்தம் கேட்டுச்சே. நான் உட்கார்ந்துட்டேன், எந்திரிக்க முடியல. பிடிச்சுக்கக் கம்பி இல்ல. லைன்ல இருக்கீங்களா?”

அவள் வெளியே வந்து அந்தக் கதவைத் தள்ளினாள். தாழ் போடவில்லை. உள்ளே ஒல்லியாக ஒரு அம்மா, ஸ்வெட்டரும் கண்ணாடியுமாக. தங்கச்சி அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினாள். “அந்தக் காலத்து டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல முப்பது வருஷம் உட்கார்ந்தே வேலை பார்த்தேன். அப்ப உட்கார்ந்ததுக்கு இப்ப எந்திரிக்கவே முடியல,” என்று அந்த அம்மா சிரித்தாள். “நல்லவேளை வந்தீங்க. ஓட்டு முடியறவரைக்கும் இதுக்குள்ளயே இருக்கணுமோன்னு பயந்துட்டேன்.”

தங்கச்சிக்கு முகம் சுட்டது. அந்த அம்மாவைத் தனியாக விட முடியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு, அடிமேல் அடி வைத்து, மன்றத்துக்குள் கூட்டிவந்தாள். பார்வையாளர் முன்வரிசையை நெருங்கும்போது தலைவரின் குரல் மைக்கில் வந்தது: “குத்தகைத் தீர்மானம். ஆதரிக்கிறவங்க எழுந்து நில்லுங்க.”

நாற்காலிகள் கிரீச்சிட்டன. தலைவர் பேனாவால் எண்ணினார். “...ஒன்பது, பத்து. அந்தப் பக்கம் தங்கச்சி நிக்கிறாங்க, பதினொண்ணு.”

எதிர்வரிசை உறுப்பினர் ஒருவர் துள்ளினார். “தலைவரே, அவங்க எங்க ஆதரிச்சாங்க? அந்தம்மாவப் பிடிச்சுட்டு நிக்கிறாங்க!”

மன்றம் சிரித்தது. தலைவரும் சிரித்தார். “அதுவும் சரிதான். தங்கச்சி, நீங்களே சொல்லிடுங்க. எண்ணவா, வேண்டாமா?”

டெலிபோன் அம்மா அதற்குள் பெஞ்சைத் தடவிப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். பிடித்திருந்த கை விடுபட்டது. இப்போது தங்கச்சி யாரையும் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. பக்கத்திலேயே காலி இடம் இருந்தது. முட்டியை மடக்கினால் போதும், ஒன்றும் நடக்கவில்லை என்று ஆகிவிடும். கதவுப் பக்கம் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள், பார்த்தாள். அண்ணன் கால்மேல் போட்ட காலைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார். சிரிப்பு மட்டும் இன்னும் முகத்தில் இருந்தது. நடுங்குகிற காலோடு உட்காருவதுதான் சுலபம், ஆனால் கால் மடங்க மாட்டேன் என்றது. பயத்தில் விறைத்துப்போனதா, வேறு ஏதாவதா, அவளுக்கே தெரியவில்லை.

“நிக்கிறேன்,” என்றாள்.

“கேக்கல, சத்தமா.”

உதடு மட்டும் அசைந்தது.

“நிக்கிறேங்கறாங்க!” என்று டெலிபோன் அம்மா மன்றமே அதிரச் சொன்னாள். “தெளிவா நிக்கிறேங்கறாங்க!”

தீர்மானம் நிறைவேறி, கைதட்டல் ஓய்ந்தபோது கதவோர பெஞ்சு காலியாக இருந்தது.

அன்று முழுக்க அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருட்டின பிறகு அடித்தது. அண்ணன் இல்லை, அண்ணி. குரலைத் தழைத்துப் பேசினாள்.

“என்ன பண்ணி வச்சிருக்க நீ?”

“அண்ணன் என்ன சொன்னாரு அண்ணி?”

“ஒண்ணுமே சொல்லல. நல்லாச் சாப்பிட்டாரு. டிவி பார்த்தாரு. படுத்துட்டாரு. அதான் எனக்குக் கைகால் உதறுது.”

மறுநாள் புருஷன் நடந்து வந்தான். லாரிச் சாவியை மச்சான் கேட்டு வாங்கிக்கொண்டாராம். “‘ரொம்ப வருஷமா ஓட்டிட்டீங்க மாப்ள, கொஞ்சம் ஓய்வெடுங்க’ன்னாரு. டீ வாங்கிக் குடுத்தாரு,” என்றான். சட்டையைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தான். தன்னைத் திட்டுவான் என்று அவள் காத்திருந்தாள். அவன், “உட்கார்ந்திருக்கலாம்ல நீ,” என்றான். கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சுகிற மாதிரி சொன்னான். திட்டியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

“உட்கார வரலைங்க,” என்றாள்.

அவன் எழுந்து போய், எப்போதும் போடாத மேல் தாழ்ப்பாளையும் போட்டுவிட்டு வந்து படுத்தான்.

வீட்டைக் காலி பண்ணச் சொல்லி யாரும் வரவில்லை. தண்ணீர் நிற்கவில்லை, கரண்ட் போகவில்லை. தெருவில் அண்ணனைப் பார்த்தவர்கள், தங்கச்சியைப் பற்றிப் பெருமையாகப் பேசினார் என்றார்கள். நகரமன்றம் நோட்டீஸ் அனுப்பும் முன்பே லாரிகள் திடலிலிருந்து போய்விட்டன. எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் கொஞ்சம் சாமான்களைப் பெட்டியில் அடுக்கினாள், திரும்ப எடுத்து வெளியே வைத்தாள். கடைக்குப் போனால் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பின்னால் சைக்கிள் மணி கேட்டால் சுவரோரம் ஒதுங்கி நின்றாள். கத்தினால் தேவலை, அறைந்தால் தேவலை, எதையாவது செய்து தொலைத்தால் தேவலை என்று தோன்ற ஆரம்பித்தது.

இடத்தை அளந்து கொடுக்கிற அன்று, வட்டார உறுப்பினர் இல்லாமல் எப்படி என்று நர்சம்மா வந்து கூட்டிப்போனார். புருஷனும் கூட வந்தான். வேலை தேடிப் போக வேண்டிய நேரம்தான், ஆனாலும் வந்தான். லாரிகள் போன திடல் இவ்வளவு பெரியதா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. தரையெல்லாம் டீசல் கறை, டயர் பள்ளங்களில் தண்ணீர். பெரியவர்கள் மடக்கு நாற்காலிகளைப் போட்டு, குடைகளை விரித்து, வெயிலில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். “எனக்கு ஜன்னலோரம்,” என்று கப்பல்காரர் வெறும் காற்றைக் காட்டிச் சொன்னார். சர்வேயர் முளை அடித்து, நூல் கட்டி, கட்டடத்தின் முகப்பு வரவேண்டிய இடத்தில் வெள்ளைப் பொடியால் கோடு இழுத்துக்கொண்டே போனார். கோட்டுக்கு உள்பக்கம் பெரியவர்கள், அவர்களுக்கு முன்னால் தங்கச்சி.

இடிந்த சுவருக்கு அப்பால் ஒரு கார் வந்து நின்றது. அவள் புருஷன்தான் முதலில் பார்த்தான். பேச்சை நிறுத்திவிட்டு அவள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான். அவன் மூச்சு வாங்குவது அவளுக்குக் கேட்டது.

அண்ணன் தனியாகத்தான் வந்தார். அவசரமில்லாமல், பள்ளங்களைச் சுற்றி, தண்ணீர் படாமல் நடந்து வந்தார். முகத்தில் வெயில் அடித்ததில் சிரிக்கிறாரா, கண் கூசுகிறதா என்று தெரியவில்லை. பாட்டு ஏதோ முணுமுணுக்கிற மாதிரி உதடு அசைந்தது.

“யாருங்க அது வர்றது?” டெலிபோன் அம்மா குடைக்கடியிலிருந்து குரல் கொடுத்தாள். “கோட்டை மிதிச்சிடாதீங்க. இப்பதான் போட்டாங்க.”

அண்ணன் நின்றார். குனிந்து காலடியில் இருந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்தார். அது போகிற வழியெல்லாம் இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை பார்த்தார். பிறகு நிமிர்ந்து தங்கச்சியைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். ஓடினால் பின்னால் நாற்காலிகள், நாற்காலிகளில் அந்த ஜனங்கள்.

அவர் ஒரு காலைத் தூக்கி, கையால் பிடித்து, செருப்பைக் கழற்றினார். பிறகு அடுத்த கால். இரண்டையும் ஜோடியாகச் சேர்த்து, பொடி படாமல், அடுத்தவர் வீட்டு வாசலில் விடுவதுபோல, கோட்டுக்கு வெளியே வைத்தார்.