மாமாவின் ஜெபமும் பதினாறு புரதங்களும்

பாளையங்கோட்டையில் இன்டர்நெட் வேண்டுமானால் கோயிலுக்குப் போகாமல் இருக்க வேண்டும். சாலோமி இதைக் கண்டுபிடித்த அன்று அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம். இன்டர்நெட் வந்த புதிது. அதற்காக ஊரே ஒரே டெலிபோன் நம்பரைத்தான் போட்டுக்கொண்டிருந்தது. காலையில் போட்டாலும் எங்கேஜ், சாயங்காலம் போட்டாலும் எங்கேஜ். தப்பித்தவறிக் கிடைத்தாலும் பாதியில் அறுந்துபோகும். ஞாயிற்றுக்கிழமை சர்ச் மணி அடித்து, தெருவே வெள்ளை வேட்டியும் பட்டுச்சேலையுமாகக் கிளம்பிப் போனபிறகு மட்டும் லைன் சட்டென்று கிடைக்கும். ஆனால் சாலோமியும் பட்டுச்சேலை கட்டிக் கிளம்ப வேண்டியவள்தான். பாடகர் குழுவில் ஆல்ட்டோ குரல் அவளுடையது. ஒரு வாரம் வராவிட்டால் போதும், என்னவோ ஏதோ என்று சபையில் பாதிப்பேர் வீட்டுக்கு வந்துவிடுவார்கள்.

அவளுடைய தேவை கொஞ்சம் வித்தியாசமானது. கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுத்துக்கொண்டே மதுரையில் பிஎச்.டி.க்குப் பதிவு செய்திருந்தாள். லைசோசைம் என்றொரு புரதம். கோழிமுட்டையின் வெள்ளைக்கருவில் இருக்கிறது, மனிதனின் கண்ணீரிலும் இருக்கிறது. கிருமியின் தோலைக் கிழிப்பது அதன் வேலை. உயிரினத்துக்கு உயிரினம் அதன் உருவம் எப்படி மாறுகிறது என்று ஒப்பிட்டு எழுதுவதுதான் அவள் ஆசைப்பட்ட கடைசி அத்தியாயம். ஒவ்வொரு புரதத்திலும் எந்த அணு எங்கே நிற்கிறது என்று எண்களால் சொல்லும் கோப்புகள் அமெரிக்காவில் ஒரு சேமிப்பகத்தில் இருந்தன. யார் கேட்டாலும் இனாமாகக் கொடுப்பார்கள். அவளுக்கு வேண்டியது பதினாறு. கோழியில் தொடங்கி, வான்கோழி, காடை, குதிரை என்று போய், மனிதனில் முடியும் பட்டியல்.

மதுரைப் பேராசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார். அடுத்த திங்களை விட்டு மறு திங்கட்கிழமை வரும்போது பதினாறும் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டு மிச்சத்தைக் கட்டிக் கொடுத்துவிட வேண்டியதுதான். அந்த அத்தியாயம் இல்லாத ஆய்வேட்டைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளவே அவளுக்கு மனம் வராது. நடுவில் இருந்தது இரண்டே ஞாயிறு.

வங்கியில் வேலை பார்க்கும் அவள் கணவன் எபிதான் வழி சொன்னான். "நீ பாட்டுக்குக் கோயிலுக்குப் போ. மிஷினை வேலை செய்ய விடு."

சொல்லப்போனால் அது நல்ல யோசனை. பத்திரிகையோடு இனாமாக வந்த சிடியில் இருந்த லினக்ஸை ஏற்றி, புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து பெர்ல் மொழியில் ஒரு புரோகிராம் எழுதினாள். தானே நம்பரைப் போட வேண்டும். பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு கோப்பாகக் கேட்டு வாங்க வேண்டும். லைன் அறுந்தால் மறுபடி நம்பரைப் போட வேண்டும். சனிக்கிழமை முழுக்க அதிலேயே போனது. குழம்பு இரண்டு தடவை அடிப்பிடித்தது. எபி அதையும் நல்லாயிருக்கு என்று சொல்லிச் சாப்பிட்டான்.

முதல் ஞாயிறு மோடம் கீச்சிட்டுக் கத்துவதைக் கேட்டுவிட்டு நிம்மதியாகக் கோயிலுக்குப் போனாள். பிரசங்கம் நீண்டபோது எல்லாரும் நெளிந்தார்கள். சாலோமி மட்டும் போதகர் ஐயர் இன்னும் கொஞ்சம் பேசட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.

திரும்பி வந்து பார்த்தால் நான்கே நான்கு கோப்புகள்.

லைன் ஏழெட்டுத் தடவை அறுந்திருந்தது. புரோகிராம் சளைக்காமல் மறுபடி நம்பரைப் போட்டிருந்தது, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் கோழி, வான்கோழி, காடை, கினிக்கோழி, இந்த நான்கைத் தாண்டவில்லை. மூன்று மணிநேரம் லைன் கிடைத்தும் இவ்வளவுதானா என்று சாலோமிக்கு அழுகையே வந்துவிட்டது. சேலையைக்கூட மாற்றாமல் புரோகிராமை வரிவரியாகப் படித்தாள். எழுத்துப்பிழை ஒன்றுமில்லை. அன்றும் மறுநாளும் யோசித்தும் பிடிபடவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை குடும்ப ஜெபத்தில் பிடிபட்டது.

அவள் மாமனார் ஞானசிகாமணி ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்றவர். வண்டியில் ஒரு பயணியையும் விடாமல் பார்த்த பழக்கம் ஜெபத்திலும் இருந்தது. பிள்ளைகள் ஐந்து பேர், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று எல்லாரையும் மூப்பு வரிசையில் பேர் சொல்லித்தான் ஆண்டவரிடம் ஒப்புக்கொடுப்பார். மூத்தவர் சென்னையிலிருக்கும் தனசிங். கடைக்குட்டி எபி. எபிக்கும் பின்னால் கட்டக் கடைசியாகச் சாலோமி.

"பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே, என் மூத்த மகன் தனசிங்கை ஆசீர்வதியும்," என்று தொடங்கி, தனசிங்கின் மனைவி, மக்கள் என்று அவர் நகரும்போது வாசலில் பால்காரி சந்தனமாரி குரல் கொடுத்தாள்.

"அண்ணாச்சி, இன்னைக்கு ஒரு லிட்டரா, ஒண்ணரையா?"

மாமா கண்ணைத் திறந்தார். "ஒண்ணரை ஊத்திட்டுப் போ." கண்ணை மூடினார். "பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே, என் மூத்த மகன் தனசிங்கை…"

அடுத்து டெலிபோன் அடித்தது. எடுத்துப் பேசிவிட்டு வந்து மறுபடி பரலோகத்திலிருந்து தொடங்கினார். பிறகு குக்கர். கடைசியில் கடிகாரத்தைப் பார்த்தார். "மற்ற எல்லாரையும் உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறேன், ஆமென்" என்று முடித்தார்.

சாலோமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஜெபத்துல என்னம்மா சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல மாமா. என் புரோகிராம்ல என்ன தப்புன்னு இப்பதான் தெரிஞ்சுது."

"என் ஜெபத்துலயா தெரிஞ்சுது?"

"ஆமா மாமா. லைன் அறுந்தா அதுவும் உங்கள மாதிரியே முதல்ல இருந்து ஆரம்பிக்குது. கோழியவே திரும்பத் திரும்பக் கொண்டாந்து வைக்குது. மனுசன் வரவே மாட்டேங்கான்."

எபி சத்தமாகச் சிரித்தான். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் சிரிப்பு வந்த வேகத்தில் சாலோமியின் வாயிலிருந்து இன்னொன்றும் வந்துவிட்டது.

"தனசிங் அத்தானுக்கு ஒரு நாளைக்கு மூணு வாட்டி ஜெபிக்கீங்க. நான் இந்த வீட்டுக்கு வந்து ரெண்டு வருசமாச்சு. உங்க ஜெபத்துல என் பேர ஒரு நாளும் கேட்டதில்ல."

சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது, அது விளையாட்டுப் பேச்சில்லை என்று. இரண்டு வருஷமாக ஒவ்வொரு காலையும் தன் பேர் வருமா வருமா என்று காத்திருந்து, 'மற்ற எல்லாரும்' ஆகவே எழுந்து போயிருக்கிறாள். அது அவளுக்கு உள்ளுக்குள் வலித்துக்கொண்டுதான் இருந்தது.

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பெரியவங்ககிட்டயே பேச்ச விட்ட இடத்துல இருந்து ஆரம்பிச்சா மரியாதையா இருக்காது. ஆண்டவர்கிட்ட எப்படிம்மா பாதியில இருந்து பேசுவேன்?" என்று கேட்டுவிட்டு வெளியே போய்விட்டார். கோபமா வருத்தமா என்று முகத்தில் தெரியவில்லை.

"நீ சொன்னது சரிதான். கவலப்படாத," என்றான் எபி. அவள் கவலைப்பட்டாள்.

புரோகிராமைச் சரிசெய்ய இரண்டு வரி போதுமாக இருந்தது. ஒவ்வொரு கோப்புக்கும் கடைசி வரியில் 'எண்ட்' என்று இருக்கும். அது இருந்தால் முழுசாக வந்துவிட்டது என்று அர்த்தம், அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போ. அவ்வளவுதான்.

இரண்டாம் ஞாயிறு கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை. ஆராதனை முடிந்து அசனம். பெரிய அண்டாக்களில் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் வெந்து, ஊர் கூடிப் பந்தி பந்தியாக உட்கார்ந்து சாப்பிட்டு எழ சாயங்காலம் ஆகிவிடும். அதுவரை டெலிபோனைத் தொட ஆள் இருக்காது. சாலோமிக்குச் சோறு இறங்கவில்லை. மாமா எதிர்ப் பந்தியில் இருந்து பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, அவள் இலையைக் காட்டி இன்னொரு கரண்டி கறி வைக்கச் சொன்னார். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவர் அவளிடம் அதிகம் பேசவில்லை. அதனால் அந்தக் கறியை மிச்சம் வைக்காமல் தின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றி ஒன்று அங்கனயும் ஒன்று இங்கனயுமாகப் போட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் போய் நின்றாள். லைன் பதினோரு தடவை அறுந்திருந்தது. போன வாரமே வந்துவிட்ட கோழியைப் புரோகிராம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. மேலிருந்து கீழே விரல் வைத்து எண்ணினாள். குதிரை இருந்தது. கடைசியில் மனிதனும் இருந்தான். அந்தக் கோப்பைத் திறந்து அடிவரை ஓட்டிப் பார்த்தாள். 'எண்ட்'.

"எபி, வந்துட்டுது. எல்லாம் வந்துட்டுது," என்றாள். சந்தோஷத்தில் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதைக்கூடக் கவனிக்கவில்லை. மாமா மட்டும் கவனித்தார்.

திங்கட்கிழமை காலை பிளாப்பிகளைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு மதுரைக்குத் தயாராகி நின்றாள். ஜெபத்துக்கு உட்கார்ந்தார்கள். மாமா கண்ணை மூடினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே, என் மகள் சாலோமியை ஆசீர்வதியும். அவள் பிரயாணத்தையும், அந்தப் பதினாறு புரதத்தையும் ஆசீர்வதியும். ஒன்றும் வழியில் கெட்டுப்போகாதபடி…"

"அண்ணாச்சி, பாலு," என்றாள் சந்தனமாரி வாசலிலிருந்து.

"ஒரு லிட்டர் போதும்," என்றார் மாமா. கண்ணை மூடினார்.

மறுபடி பரலோகத்துக்குப் போவார் என்று சாலோமி தலை குனிந்திருந்தாள்.

"…பத்திரமாய்க் கொண்டுசேரும். என் மகன் எபியை ஆசீர்வதியும்," என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார் மாமா.

சாலோமி கண்ணைத் திறக்காமலே துடைத்துக்கொண்டாள். எபிக்குப் பிறகு ஜெபத்தில் இன்னும் இரண்டு பேருடைய பெயர்கள் வந்தன. அதற்குள் மதுரை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மாமா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மற்ற எல்லாரையும் ஆண்டவர் கரத்தில் ஒப்புக்கொடுத்தார். சென்னையிலிருந்த தனசிங்கும் அன்று அந்த மற்ற எல்லாரில் ஒருவராக இருந்தார்.