அக்காவும் தம்பியும் ஒரே குழு

வாசுதேவன் அண்ணைக்கும் அவருடைய அக்கா யோகாவுக்கும் மூன்று வருடமாகப் பேச்சில்லை. அண்ணை கிரான்பர்னில் கலியாணச் சாப்பாடு சமைத்துக் கொடுக்கிறார். அக்கா கேரம் டவுன்ஸில் பலகாரம் செய்து கடைகளுக்குப் போடுகிறார். இருவருக்கும் கணக்காளர் நான்தான். ஒருவர் மற்றவரைத் திட்டுவதைக் கேட்பதற்கு நான் தனிக் கட்டணம் போட்டிருக்க வேண்டும். மடச்சி, போடவில்லை.

சண்டையின் காரணம் லேசுப்பட்டதல்ல. யோகா அக்கா தன் மகனின் கலியாணச் சாப்பாட்டை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டார். சொந்தத் தம்பியே சமையல்காரனாக இருக்க! அன்று பந்தியில் ஒரு வாய்கூட வைக்காமல் எழுந்து போனவர்தான் அண்ணை.

போன மாதம் மாநில வரி அலுவலகத்திலிருந்து இருவருக்கும் ஒரே மாதிரிக் கடிதம் வந்தது. எங்கள் விக்டோரியா மாநிலத்தில் ஒரு தொழிலின் வருடச் சம்பளச் செலவு பத்து இலட்சம் டொலரைத் தாண்டினால்தான் முதலாளி சம்பள வரி கட்டவேண்டும். தனித்தனியே பார்த்தால் இருவரும் அதற்குக் கீழே. ஆனால் ஒருவரின் ஆட்கள் மற்றவரின் தொழிலுக்கு வேலை செய்தால் இரண்டும் ஒரே குழு. சம்பளத்தைக் கூட்டித்தான் பார்ப்பார்கள். கூட்டினால் எல்லை தாண்டிவிடும். அப்படி ஆட்களைப் பகிர்ந்ததுண்டா என்று கேட்டிருந்தார்கள்.

"அவவின்ர காத்துக்கூட என்ர குசினிக்குள்ள வராது. எழுதிக் குடு, தாரிணி" என்றார் அண்ணை.

"அவன்ர வாசல் எந்தத் திசையெண்டே எனக்குத் தெரியாது" என்றார் அக்கா.

சொன்னதை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு முழிக்கும் எண்ணம் எனக்கில்லை. வேலையாட்கள் கைபேசியில் வரவு பதியும் செயலியைத் திறந்தேன். அது நேரத்தோடு இடத்தையும் குறித்து வைக்கும். அக்காவிடம் இடியப்பம் பிழியும் நான்கு பெண்களும் சனிக்கிழமைதோறும் அண்ணையின் குசினி அடுப்படியில் நின்றிருக்கிறார்கள். அண்ணையின் வான் சாரதி கீர்த்தனன் வெள்ளிதோறும் அக்காவின் வாசலில்.

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. மற்றவர் வருவதைச் சொல்லாமலே இருவரையும் ஒரே நேரத்துக்கு என் அலுவலகத்துக்கு வரச்சொன்னேன். வந்தவர்கள் ஆளுக்கொரு மூலையில் கதிரையை இழுத்துப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். நான் இரண்டு பதிவுகளையும் வாசித்தேன்.

"அறுநூறு பேர் கலியாணத்தில இடியப்பம் காணாமல் போனால் சனம் ஆரைப் பார்த்துச் சிரிக்கும்? எங்கட குடும்பத்தைத்தானே?" என்று அக்கா தன் சுவரிடம் கேட்டார்.

"அவவின்ர வான் பழுதாகி வடை கடைக்குப் போகாட்டில் மட்டும் சிரிக்காதோ?" என்று அண்ணை தன் சுவரிடம் கேட்டார்.

ஆக, இருவருக்கும் எல்லாம் தெரியும். தன் ஆளை அனுப்பியும் மற்றவரின் ஆளை வாங்கியும்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி நடித்திருக்கிறார்கள். கள்ளர்கள்.

"என்ர ஆக்கள் வேண்டாமெண்டு திருப்பி அனுப்பியிருக்கலாமே?" என்றார் அக்கா.

"என்ர சமையல் வேண்டாமெண்டது நீங்கள்தானே, அக்கா!"

மூன்று வருடத்தில் முதல் 'அக்கா'. யோகா சட்டென்று திரும்பினார்.

"விசரா! தாய்மாமன் நீ குசினியில நிண்டால் மணவறையில ஆர் நிக்கிறது? அதுக்குத்தானே வேற ஆளைப் பிடிச்சனான்!"

அண்ணை கழுத்தை மட்டும் திருப்பி அக்காவைப் பார்த்தார். ஆனாலும் வரி அலுவலகத்துப் படிவம் காத்திருந்தது.

"குழுவெண்டுதான் எழுதவேணும். வரி வரும், ரெண்டு பேரும் கட்டத்தான் வேணும்" என்றேன். "குழுவுக்குத் தலைமை எண்டு ஒரு பேர் கேக்கினம். ஆரைப் போட?"

அடுத்த சண்டைக்காகக் காதைப் பொத்தத் தயாரானேன்.

அண்ணை கதிரையைத் திருப்பிப் போட்டார்.

"அக்கான்ர பேரைப் போடு, பிள்ளை. மூத்தவ அவதானே."

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"போடு. ஆனால் தலைமையெண்டு முழு வரியையும் என்ர தலையில கட்டப் பாப்பான். அதையும் எழுது!"