துணைக்கு வந்த ஜெனரல்

என் அக்கா புருஷன் குளியலறைக் குழாயும் டைல்ஸும் விற்கிற கடை வைத்திருக்கிறார். துப்பாக்கிக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் நானும் அக்காவும் எங்களுக்குள் அவரை ஜெனரல் என்றுதான் சொல்வோம். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் யாருக்காவது ஒரு உத்தரவு போடாமல் உட்கார மாட்டார்.

துப்பாக்கி என்னுடையது. வேட்டையும் இல்லை, போலீஸும் இல்லை, விளையாட்டு. காகித வட்டத்தின் நடுவில் ஓட்டை போட வேண்டும், அவ்வளவுதான். பகலெல்லாம் மருந்துக்கடையில் நின்றுவிட்டு, சாயங்காலம் போய் அந்த ஓட்டைக்காக வருடக்கணக்கில் நின்றிருக்கிறேன். நாட்டு அணிக்கு ஆள் எடுக்கும் போட்டி மறுநாள் காலை, வேறு நகரத்தில். முன்பு ஒரு தடவை காய்ச்சலில் கோட்டை விட்டேன், இன்னொரு தடவை கை நடுங்கி. இதையும் விட்டால் அப்புறம் நாலு வருடம் கழித்துத்தான். என் கண் அதுவரைக்கும் எனக்காகக் காத்திருக்காது. அந்த நகரத்துக்கு அன்று மாலை இருந்தது ஒரே விமானம்.

"பொம்பளப் பிள்ளை துப்பாக்கியோட தனியாப் போறதாவது. நான் வர்றேன் பாப்பா" என்றார் ஜெனரல். பாப்பாவுக்கு வயது முப்பத்து நாலு. நான் வாயைத் திறப்பதற்குள் டிக்கெட்டும் வாங்கிவிட்டார். முந்திரிக்கொட்டைக்குத் துருத்திக்கொண்டிருக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

விமானத்தில் துப்பாக்கி கொண்டுபோவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சீக்கிரம் போக வேண்டும். கவுன்ட்டரில் குனிந்து, தனியாகச் சொல்ல வேண்டிய பொருள் இருக்கிறது என்று மெதுவாகச் சொல்லி லைசென்ஸை நீட்ட வேண்டும். துப்பாக்கி காலியாக இருக்கிறதா, தோட்டா தனி டப்பாவில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பெட்டியைப் பூட்டிச் சாவியை நாம் வைத்துக்கொள்ளலாம், பெட்டி விமானத்தின் வயிற்றுக்குள் போய்விடும். நான் இப்படி எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ஒரு தடவைகூட பக்கத்து வரிசைக்குத் தெரிந்ததில்லை.

"இதுல துப்பாக்கி இருக்கு" என்றார் ஜெனரல், மூன்று வரிசைக்குக் கேட்கிற மாதிரி.

எங்களுக்குப் பின்னால் நின்றவர் குழந்தையோடு தள்ளுவண்டியையும் இழுத்துக்கொண்டு நகர்ந்தார். கவுன்ட்டர் பெண்ணின் கை மேஜைக்கு அடியில் எதையோ தேடியது. நான் லைசென்ஸை அவசரமாக அவள் முன்னால் வைத்து, பெட்டியைத் திறந்து காட்டினேன். அவள் மூச்சு விட்டாள்.

"கீழ மூட்டை முடிச்சோட போடுற சாமான் இல்லம்மா இது. பைலட் கையில கொடுத்துடுங்க" என்றார் இவர்.

"அப்படியெல்லாம் கொடுக்க முடியாது சார்."

"மேனேஜரைக் கூப்பிடு."

மேனேஜர் வந்தார், அதையே சொன்னார், போனார். தோற்றுப்போன முகத்தை மீசையைத் தடவி மறைத்துக்கொண்டார் ஜெனரல். வெட்கமாக இருந்தது எனக்கு. இந்த ஆளோடு என் அக்கா பதினேழு வருடம் குடித்தனம் நடத்துகிறாள்.

அந்தப் பெண் கடைசியாகக் கேட்டாள். "கைப்பையிலயோ உடம்புலயோ தோட்டா ஏதாவது வச்சிருக்கீங்களா? ரெண்டு பேருமே சொல்லணும்."

"இல்லைங்க" என்றேன்.

"எங்களைப் பார்த்தா எப்படித் தெரியுது? இந்தப் பிள்ளைக்குத் துப்பாக்கி பிடிக்கக் கத்துக்கொடுத்ததே நான்தான். சட்டத்தை எனக்கே சொல்றியா?"

"இருக்கா, இல்லையா சார்?"

"இல்லை."

எனக்கு அவர் கற்றுக்கொடுத்தது, ஒரு தடவை, ஷவரில் தண்ணீர் சொட்டினால் எந்தப் பக்கம் திருக வேண்டும் என்பது. பெட்டியைப் பூட்டினேன். சாவிக்குக் கை நீட்டினார். பார்க்காத மாதிரி பர்ஸில் போட்டுக்கொண்டேன்.

அடுத்தது சோதனை வாசல். நான் முதலில் போய் அந்தப் பக்கம் நின்றேன். ஜெனரல் வந்தார், வாசல் கத்தியது. பெல்ட்டைக் கழற்றினார், மறுபடி கத்தியது. "சட்டைப் பையில என்ன?" என்று கேட்டார் காவலர். பேனா வந்தது, சீப்பு வந்தது, சில்லறை வந்தது. அப்புறம் உள்ளே போன கை வெளியே வரவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை.

காவலரே எடுத்து ட்ரேயில் வைத்தார். ஒரு தோட்டா. என் பிஸ்டலுக்குப் போடுகிற அதே தோட்டா.

எப்போதோ பயிற்சியை வேடிக்கை பார்க்க வந்தவர் என் மேஜையிலிருந்து ஒன்றைச் சுட்டுக்கொண்டு போயிருக்கிறார். கடையில் யாராவது பேரம் பேசினால் அதை எடுத்து மேஜை மேல் நிமிர்த்தி வைப்பாராம். பழகிப்போய், மூக்குக் கண்ணாடி மாதிரி பையிலேயே கிடந்திருக்கிறது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

"யாரோடது இது?" என்றார் காவலர்.

அத்தனை நேரம் எல்லோருக்கும் பதில் சொன்ன வாய் என் பக்கம் திரும்பியது. "அவளோடது. அவதான் சுடுறவ. நான் சும்மா கூட வந்தேன்."

பிறகு என் காதருகே குனிந்தார். "உன்கிட்ட லைசென்ஸ் இருக்குல்ல பாப்பா, உன்னோடதுன்னு சொல்லிடு. உன்னை ஒண்ணும் செய்ய மாட்டாங்க. அக்காவை நெனச்சுப் பாரு."

நினைத்தேன். என்னுடையது என்று சொன்னால் விமானம் போய்விடும், லைசென்ஸும் போகும், வட்டத்தின் நடுவில் வேறு யாராவது ஓட்டை போடுவார்கள். ஒலிபெருக்கியில் எங்கள் விமானத்துக்குக் கடைசி அழைப்பு கொடுத்தார்கள்.

"தோட்டா என்னோடதுதான். எடுத்தது இவர், எனக்கு இப்பதான் தெரியும்" என்றேன். "கவுன்ட்டர்ல இதே கேள்வியைக் கேட்டாங்க. ரெண்டு பேருமே பதில் சொன்னோம். இவர் என்ன சொன்னாருன்னு அந்தப் பொண்ணையே கேளுங்க."

காவலர் போனில் கேட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டு போனை வைத்தார். "நல்லா ஞாபகம் இருக்காம். இந்த சாரை மறக்க முடியாதாம்."

நுணலும் தன் வாயால் கெடும். என் லைசென்ஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு, திரும்பி வந்ததும் வாக்குமூலம் தர வேண்டும் என்று என்னை விட்டார்கள். ஜெனரலை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பெல்ட் இல்லாததால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் ஓடினேன்.

விமானத்தின் படியில் நின்று அக்காவைக் கூப்பிட்டு எல்லாம் சொன்னேன். அழுவாள், திட்டுவாள் என்று நினைத்தேன்.

"எப்போ விடுவாங்க?" என்றாள்.

"நாளைக்கு ஆகுங்கிறாங்க."

"ராத்திரி வரமாட்டாரா?"

"மாட்டாருக்கா."

"சரி. நீ போய் நல்லாச் சுடு" என்று வைத்துவிட்டாள்.

மூன்று பேரை எடுத்தார்கள். மூன்றாவது ஆள் நான். கை நடுங்கவில்லை.

ஊர் திரும்பி அக்கா வீட்டுக்குப் போனபோது ஜெனரல் சபை கூட்டியிருந்தார். கடைக்காரச் சிநேகிதர்கள் சோபா நிறைய உட்கார்ந்திருந்தார்கள். "பழியை நான் ஏத்துக்கிட்டேன். ஒரு ராத்திரி உள்ளே இருந்தேன். பாப்பா போகணும்ல, நாட்டுக்காக" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கை தன்னாலேயே சட்டைப் பைக்குப் போய், வெறுமனே திரும்பி வந்தது. அபராதம் கட்டியதைச் சொல்லவில்லை.

காபித் தட்டோடு நின்ற அக்காவைப் பார்த்தேன். முகம் தெளிந்திருந்தது. அந்த ஒரு ராத்திரி ஹாலில் விளக்கை அணைத்துவிட்டு, காலை நீட்டிப் படுத்து, விடிந்தும் எழுந்திருக்காமல் தூங்கினாளாம். நான் வந்ததுமே அடுப்படியில் சொல்லியிருந்தாள்.

இப்போது எல்லோருக்கும் முன்னால், காபியை என்னிடம் நீட்டியபடி கேட்டாள்.

"அடுத்த போட்டி எப்போடி? அத்தானையும் கூட்டிட்டுப் போ."