நாலாவது கோழி

அந்தத் தெருக் கடைக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் கேள்வியம்மா. சட்டை வாங்கினாலும் சாக்லேட் வாங்கினாலும், "இதைச் செஞ்சவங்களுக்குக் கூலி ஒழுங்காக் கிடைச்சுதா?" என்று கேட்காமல் பையைத் திறக்க மாட்டாள். பதினோரு வருஷமாக ஒரு தையல் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறவள். மலிவு விலைச் சட்டைக்குள் யாருடைய முதுகுவலி இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். "உன்கூட வந்தா கடைக்காரன் கடையைச் சாத்திட்டு ஓடிடுவான்" என்று எலக்ட்ரீஷியன் கணவன் கிண்டல் செய்வான். ஆனாலும் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போவான்.

முட்டை விஷயத்தில்தான் அவளுக்கு மனசு ஆறவில்லை. ஊருக்கு வெளியே ஒரு பெரிய கோழிப்பண்ணை. அங்கே வயரிங் வேலைக்குப் போய்வந்த கணவன் அன்றைக்குச் சாப்பிடவில்லை. "ஒரு கூண்டுல ஆறு. றெக்கையை விரிக்கக்கூட இடமில்ல. முட்டை குறைஞ்சதும் கறிக்குன்னு லாரியில ஏத்திடறாங்க" என்றான். மறுவாரம், லாரிக்கு ஒதுக்கியதில் நாலைக் கேட்டு வாங்கி அட்டைப்பெட்டியில் கொண்டுவந்தான்.

நாலும் பார்க்கச் சகிக்காத கோலம். மண்ணில் இறக்கிவிட்டால் காலை எடுத்து வைக்கத் தெரியாமல் அப்படியே நின்றன. ஒன்றுக்குக் கழுத்திலிருந்து வால்வரை ஒரு இறகில்லை. ஒன்பது வயது மகள் அதற்கு மொட்டை என்று பெயர் வைத்தாள். மூன்று மாதத்தில் மொட்டைக்குச் செம்பட்டை இறகு முளைத்தது. துணி காயப்போட வருகிறவர்களைக் கொத்தி விரட்டுகிற திமிரும் வந்தது. பெயர் மட்டும் மாறவில்லை. மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அதைத்தான் தேடுவாள்.

அப்புறம் பண்ணையில் பறவைக் காய்ச்சல் வந்தது. ஒரே வாரத்தில் கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. பண்ணையைச் சுற்றி மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கும் எல்லாக் கோழியையும் அழிக்க வேண்டும் என்று உத்தரவு. இவர்கள் வீடு இரண்டரையில் இருந்தது.

கேள்வியம்மா லீவு போட்டுவிட்டுக் கால்நடை அலுவலகத்துக்குப் போனாள். "எங்க கோழிங்க நல்லாத்தான் சார் இருக்கு. ஒரு தடவை டெஸ்ட் பண்ணிப் பாருங்க."

"வீடு வீடாப் பண்ண ஆளில்லம்மா" என்றார் அங்கிருந்தவர்.

இரண்டு விலங்கு நல அமைப்புகளுக்குப் போன் செய்தாள். ஒன்றில் யாரும் எடுக்கவில்லை. இன்னொன்றில் ஒரு பெண் கடைசிவரை பொறுமையாகக் கேட்டு, "எங்களால ஒண்ணும் செய்ய முடியாதுங்க" என்று சொல்லிவிட்டு அவளே அழுதாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கால்நடை டாக்டரும் இரண்டு பணியாளர்களும் வந்தார்கள். தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு. மூன்று கோழிகளைப் பிடித்துப் பையில் போட்டார்கள். டாக்டர் படிவத்தை நீட்டினார். "மூணுதானம்மா?"

"மூணுதான் அங்கிள்" என்றாள் மகள், டக்கென்று.

கேள்வியம்மா திரும்பிப் பார்த்தாள். மகள் குளியலறைக் கதவில் முதுகை அழுத்தி நின்றிருந்தாள். கணவன் தரையைப் பார்த்தான். அவனுக்கும் தெரிந்திருக்கிறது. டாக்டர் அந்தக் கதவை ஒரு கணம் பார்த்தார். பிறகு, "அப்ப மூணுன்னே எழுதிக்கறேன். கையெழுத்துப் போடுங்க" என்று பேனாவைக் கொடுத்தார்.

சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை வீரிட்டு அழுதது. பிறந்து நாற்பது நாள். இந்தக் காய்ச்சல் மனுஷருக்குத் தொற்றுவது அபூர்வம், ஆனால் தொற்றும் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். மொட்டைக்கு நோய் இல்லை என்றுதான் அவளுக்குத் தோன்றியது. ஆனால் தெரியாது.

"நாலு சார்" என்றாள்.

"என்னம்மா?" காதில் விழவில்லையா, விழாதது மாதிரி இருந்தாரா, தெரியவில்லை. இரண்டாவது தடவையும் சொல்ல வேண்டியிருந்தது.

மகள் கதவை விட்டு நகரவில்லை. "வேணாம்மா. அது நல்லாருக்கும்மா. அதுக்கும் நியாயம் வேணும்னு நீதானே சொன்ன?" கணவன் அவளை வாரித் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போனான். அவள் அவன் தோளைக் கடித்தாள். அவன் விடவில்லை.

"நீங்க தொடாதீங்க" என்று டாக்டர் சொல்வதற்குள் கேள்வியம்மா உள்ளே போய்விட்டாள். மொட்டை வாளிக்குள் சுகமாக உட்கார்ந்திருந்தது. வேறு யாராவது என்றால் கொத்தியிருக்கும். அவள் கையில் பேசாமல் வந்தது.

"எங்க வீட்லயும் ரெண்டு இருந்துச்சும்மா. நேத்துதான்..." என்று ஆரம்பித்த டாக்டர், முடிக்காமல் பையின் வாயைக் கட்டினார். பின்வாசலில் மருந்தடித்துச் சுண்ணாம்பு தூவிவிட்டுப் போனார்கள்.

மகள் நாலு நாள் அம்மாவிடம் பேசவில்லை. ஐந்தாம் நாள் தலை பின்னும்போது கேட்டாள். "மொட்டைக்கு நிஜமா காய்ச்சல் இருந்துச்சா?"

"தெரியலடி. யாரும் பாக்கல."

"அப்ப இல்லாமயும் இருந்திருக்கலாம்ல?"

"இருந்திருக்கலாம்."

மகள் இன்னொரு பக்கம் பின்னத் தலையைத் திருப்பிக் கொடுத்தாள்.

இரண்டு மாதத்தில் பண்ணையில் மறுபடி கோழிகளை இறக்கினார்கள். புதுக் கூண்டுகளுக்கு விளக்குப் போடக் கணவனைத்தான் கூப்பிட்டார்கள். அவன் வர முடியாது என்றான். அடுத்த தெருவிலிருந்து வேறொருத்தன் போனான்.