215-ஆம் எண் கதவு

“என் வாசலுக்கு நேரா கதவு வைக்கிறியே, உனக்கு இருக்கிறது கண்ணா புண்ணா?”

“வாசலாம் வாசல்! நாலு தகரத்தைச் சாய்ச்சு வச்சுக்கிட்டு வாசலாம். தள்ளுடீ ஃபத்னா, திங்கக்கிழமை கணக்கெடுக்க வராங்க!”

முதல் குரல் என்னுடையது, அதை மறைப்பானேன். கையில் சுத்தியலோடு பதில் சொன்னவள் பக்கத்து வீட்டு ஹலீமா. காசாபிளாங்காவின் ஓரத்தில், எங்கள் தகரக் குடியிருப்பில், அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு கழுதை வண்டி போகும் அகலம்தான் உண்டு. அந்தச் சந்துப் பக்கத்துச் சுவரில் அவள் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தாள். கதவும் வந்து சாய்ந்து நின்றது. எங்கோ இடித்த வில்லாவின் நீலக் கதவு, பித்தளைக் கைப்பிடியோடு. அதற்குப் பின்னால் இருந்ததோ ஒரே அறை. நடுவே போர்வையைத் தொங்கவிட்டு அதை இரண்டு வீடு என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

எங்களில் பாதிப்பேர் மழை பொய்த்த வருடத்தில் அப்தா சமவெளியிலிருந்தும் மலைப்பக்கத்திலிருந்தும் வந்து இந்தக் காலி நிலத்தில் தகரம் நட்டவர்கள். நட்ட இடத்துக்கு நகரமே நடந்து வந்து எங்கள் முதுகில் முட்டிவிட்டது. இப்போது தகரத்தை இடித்துவிட்டு, இன்னும் தள்ளி, வயல்காட்டில் மனை தருகிறார்கள். ஒரு கதவுக்கு ஓர் எண். ஓர் எண்ணுக்கு ஒரு குடும்பம். அடுத்தடுத்த இரண்டு எண்களுக்குச் சேர்த்து ஒரு மனை. அதில் ஒரு ஒப்பந்தக்காரர் நாலு மாடி எழுப்பி, கீழ் இரண்டைத் தான் எடுத்துக்கொண்டு, மேல் இரண்டை ஆளுக்கொன்றாகக் கொடுப்பார்.

ஹலீமா போட்ட கணக்கு எளிது. இரண்டு கதவும் அவளுடையது என்றால் இரண்டு மாடியும் அவளுடையது. ஒன்றில் அவள், அதற்கு மேலே மகன் அப்துல்கபீர். தனியாக ஒரு வீடு இருந்தால் அவன் கட்டட வேலைக்குப் போன தாஞ்சியர் நகரத்திலிருந்து திரும்பிவிடுவான், கல்யாணம் செய்துகொள்வான், தலைக்கு மேல் அவன் காலடிச் சத்தத்தையாவது அவள் கேட்டுக்கொண்டிருக்கலாம். ஒரே கதவு என்றால் தலைக்கு மேல் எவனோ.

ஆனால் கணக்கெடுக்கும்போது ஆள் நேரில் நிற்க வேண்டும். சனிக்கிழமை மகனுக்குப் போன் போட்டாள். ஊரே கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில்தான் பேசுவாள்.

“லீவு குடுக்கலம்மா. பன்னிரண்டாவது மாடிக்குக் காங்கிரீட் ஊத்துறோம்.”

“யாரு வீட்டுக்குடா ஊத்துற? உன் வீடு இங்க போகுதுடா!”

அதற்குப் பிறகு அவள் சுட்ட ம்ஸம்மன் ரொட்டி எல்லாம் கருகியது. போகிறவன் வருகிறவனையெல்லாம் நிறுத்தி, “ஒரு கதவுதான்னு எழுதிருவாங்களோ?” என்று கேட்டாள். கடைசியில் என்னிடமே வந்தாள். சண்டை போட்ட வாயாலேயே, “ஃபத்னா, உங்க வீட்டு இத்தோவ ஒரு நாளைக்கு மட்டும் குடேன்” என்றாள்.

இத்தோ என் கணவரின் அக்கா மகள். விவாகரத்தாகி, இரண்டு வயசுக் குழந்தையோடு அஸிலால் மலையிலிருந்து இறங்கி வந்து நாலு மாதம். தையல் ஆலையில் வேலை, என் சமையலறையில் படுக்கை. அதிர்ந்து பேசாதவள். நீலக் கதவில் நின்று, “அப்துல்கபீரோட பெண்டாட்டி, அவர் தாஞ்சியர்ல இருக்கார்” என்று சொன்னால் போதும் என்றாள் ஹலீமா. சரி என்றேன். ஹலீமாவுக்கு நல்லது செய்கிற எண்ணம் பாதி. சமையலறை ஒரு நாளாவது காலியாகட்டும் என்பது மீதி.

திங்கட்கிழமை பத்து மணிக்கு அதிகாரி வந்தார். ஹலீமாவின் பழைய கதவில் 214 எழுதியாயிற்று. நீலக் கதவின் முன்னால் இத்தோ குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொன்னாள்.

“அடையாள அட்டையக் காட்டும்மா.”

“அவர்கிட்ட இருக்கு.”

“அட்டை இல்லாம இந்த மிஷின்ல ஏறாது. நான் அடுத்த கதவுக்குப் போறேன்.”

அந்த ‘அடுத்த கதவு’ என்ற சொல்தான் ஹலீமாவைக் கலக்கியிருக்க வேண்டும். “இருக்கு ஐயா, இருக்கு! இவகிட்டயே இருக்கு!” என்று பாய்ந்து, இத்தோவின் துணிப்பையில் கையை விட்டுத் துழாவி, அட்டையைத் தானே எடுத்து நீட்டிவிட்டாள். நான் கண்ணைக் காட்டினேன், அவள் பார்க்கவில்லை.

அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். “இதுல புருஷன் பேரு இல்லையே?”

குழந்தை சிணுங்கியது. இத்தோ என்னைப் பார்த்தாள், ஹலீமாவைப் பார்த்தாள், புதுக் கதவைப் பார்த்தாள்.

“விவாகரத்து ஆயிடுச்சுங்க” என்றாள்.

“அப்போ குழந்தையோட தனிக் குடும்பம். அதைச் சொல்றதுக்கு என்ன?” அவர் அவள் பெயரைப் பதிந்துகொண்டு, சிவப்புச் சாயத்தில் கதவின் மேல் 215 என்று எழுதி, என் வாசலுக்கு வந்துவிட்டார்.

“என் கதவு... அது என் கதவு” என்றாள் ஹலீமா. யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. உரக்கச் சொன்னால் இரண்டு எண்ணும் போய்விடும் என்ற பயத்தில் மெதுவாகத்தான் சொன்னாள்.

இத்தோ பயத்தில் உண்மையைச் சொன்னாளா, யோசித்துச் சொன்னாளா என்று நானும் பலவிதமாகக் கிண்டிப் பார்த்துவிட்டேன். குழந்தைக்குச் சோறூட்டப் போய்விடுவாள். நான்தான் திட்டம் போட்டேன் என்று ஊர் பேசுகிறது. பேசட்டும், நான் பேசாத ஊரா?

தகரமெல்லாம் போய், வயல்காட்டு மனையில் நாலு மாடியும் எழும்பிவிட்டது. அப்துல்கபீர் தாஞ்சியர்ப் பெண்ணையே கட்டிக்கொண்டு அங்கேயே வாடகை அறையில் இருக்கிறான். பெருநாளுக்கு வந்தால் அம்மா வீட்டுக் கூடத்தில் இரண்டு நாள் படுத்திருந்துவிட்டுப் போகிறான். ஹலீமா மூன்றாம் மாடியில், இத்தோ நாலாம் மாடியில். எதிர்க் கட்டடத்தில் நாங்கள், அதனால் எனக்கு எல்லாம் தெரியும். போன மாதம் இத்தோவின் தம்பி பெண்டாட்டியோடு மலையிலிருந்து வந்து இறங்கினான். மொட்டை மாடியில் தகரம் அடித்து ஓர் அறை போட்டார்கள். ஹலீமா விட மனமில்லாமல் கொண்டுவந்து கீழே படிக்கட்டடியில் போட்டிருந்த நீலக் கதவை அதற்கு மாட்டினார்கள். எண்ணைக்கூட அழிக்கவில்லை.

இன்று காலை ஹலீமா துணி காயப்போட மேலே போனாள். அந்தக் கதவுக்கு முன்னால் போய் நின்றாள். தம்பி பெண்டாட்டி கதவைத் திறந்து, “வாங்க பெரியம்மா, உள்ள வாங்க” என்றாள். ஹலீமா உள்ளேயும் போகவில்லை, திரும்பவும் இல்லை. ஒரு கையால் பித்தளைக் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். மற்றக் கையில் சரியாகப் பிழியாத போர்வை, வாசலில் கிடந்த தகரத்தின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது.